கணக்கு வாத்தியாரும் ஐந்து மகுடங்களும்

2005 டிசம்பர் வாக்கில் ஜப்பானில் அந்த ஆண்டின் சிறந்த துப்பறியும் நாவல்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பட்டியல்கள் அடுத்தடுத்து வெளியாகின. வெளியிட்டவை மூன்று வெவ்வேறு நிறுவனங்கள். வாக்கெடுக்கும் முறையும் ஒன்றுக்கொன்று வேறு. ஆனால் மூன்றிலும் முதலிடம் ஒரே புத்தகத்துக்குத்தான். கெய்கோ ஹிகாஷினோ எழுதி, அந்த ஆகஸ்டில் பூங்கேய் ஷூன்ஜூ பதிப்பகம் வெளியிட்ட 'யோகிஷா எக்ஸ் நோ கென்ஷின்' என்ற நாவல் அது. 'சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அடுத்த மாதமே, 2006 ஜனவரியில், இதே நாவல் நவோகி பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் ஹொன்காகு மிஸ்டரி பரிசும் கிடைத்தது. மூன்று பட்டியல்கள், இரண்டு பரிசுகள். ஜப்பானியர்கள் இதை 'ஐந்து மகுடங்கள்' என்று குறிப்பிடுகிறார்கள்.

இந்த மகுடங்களின் எடை தெரிய, அந்நாட்டில் துப்பறியும் கதைக்கு இருக்கும் இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1923இல் 'ஷின் செய்நென்' இதழில் ஒரு சிறுகதையோடு அறிமுகமான தாரோ ஹிராய், எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் மாற்றி 'எடோகவா ரம்போ' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். நவீன ஜப்பானியத் துப்பறியும் கதை அங்கிருந்து வளர்ந்தது. புதிரையே மையமாகக் கொண்டு, தடயங்கள் அனைத்தையும் வாசகர் முன் வைத்துவிட்டு, 'முடிந்தால் எனக்கு முன்னால் நீ கண்டுபிடி' என்று அறைகூவும் கதைக்கு 'ஹொன்காகு' என்று பெயர் வந்தது. முறைப்படியான, அசலான என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். 1950களின் இறுதியில் செய்சோ மாட்சுமோதோ வந்து, குற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சமூகத்தை எழுத வேண்டும் என்று திசையைத் திருப்பினார். 1980களில் சோஜி ஷிமாதா, யுகிதோ அயாட்சுஜி போன்றோர் புதிரை மறுபடி மேடையேற்றினார்கள். புதிரா, மனிதரா என்ற இந்த இழுபறி அங்கே ஒருபோதும் ஓயவில்லை. புதிர்க்கதை எழுதுகிறவர்கள் மீது இலக்கிய நடுவர்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு, 'இதில் மனிதர்கள் உயிரோடு இல்லை' என்பது.

ஆண்டுப் பட்டியல்கள் இந்த இழுபறிக்கு நடுவே வளர்ந்தவை. மூத்தது 'ஷூகான் பூன்ஷூன்' வார இதழின் முதல் பத்து, 1977இல் தொடங்கியது. 1988 முதல் வரும் 'கோனோ மிஸ்டரி கா சுகோய்!' தனிப் புத்தகமாகவே வெளியாகிறது. 'இந்தத் துப்பறியும் கதை அபாரம்!' என்பது பெயரின் பொருள். ஆச்சரியக்குறியோடு ஒரு வாசகர் நண்பரின் கையில் புத்தகத்தைத் திணிப்பது போன்ற பெயர். விமர்சகர்கள், புத்தகக் கடை ஊழியர்கள், பல்கலைக்கழக மாணவர்களின் துப்பறியும் கதை மன்றங்கள் ஆகியோர் வாக்களிக்கிறார்கள். ஒருவர் ஆறு புத்தகங்கள் வரை சொல்லலாம். முதலாவதுக்கு 10 புள்ளி, அடுத்ததற்கு 9 என்று இறங்கி ஆறாவதுக்கு 5 புள்ளி. அப்போது முந்தைய நவம்பரிலிருந்து அந்த ஆண்டு அக்டோபர் வரை வெளியானவையே கணக்கில் வந்தன. மூன்றாவது, ஹரா ஷோபோ வெளியிடும் 'ஹொன்காகு மிஸ்டரி பெஸ்ட் 10'. அது புதிர்க்கதை அபிமானிகளின் கோட்டை.

ஹிகாஷினோவின் நாவலை வெளியிட்ட பூங்கேய் ஷூன்ஜூதான் 'ஷூகான் பூன்ஷூன்' இதழையும் நடத்துகிறது. நவோகி பரிசுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடக்கத்திலிருந்தே தொடர்பு உண்டு. வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே மாலை போட்டார்கள் என்று யாராவது சொல்லிவிட முடியும். ஆனால் மற்ற இரண்டு பட்டியல்களும் முற்றிலும் வேறு பதிப்பகங்களுடையவை. அவையும் இதே புத்தகத்தைத் தலையில் வைத்ததால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்த உச்சிக்கு ஹிகாஷினோ வந்து சேர இருபது ஆண்டுகள் ஆயின. 1958 பிப்ரவரி 4 அன்று ஒசாகாவின் இகுனோ பகுதியில் பிறந்தவர். தந்தை கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் விற்கும் கடை வைத்திருந்தார். சிறு வயதில் புத்தகப் புழுவெல்லாம் இல்லை. உயர்நிலைப் பள்ளி நாட்களில் ஹாஜிமே கோமினே எழுதிய 'ஆர்க்கிமிடீஸ் கையை அழுக்காக்கிக்கொள்ள மாட்டார்' என்ற ரம்போ பரிசு நாவல் கைக்கு வந்தது. அதிலிருந்து பிடித்துக்கொண்டது இந்தப் பித்து. ஒசாகா மாகாணப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்தார், அங்கே வில்வித்தைக் குழுவின் தலைவராக இருந்தார். பிறகு வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிப்பொன் டென்சோவில் பொறியாளராகச் சேர்ந்தார்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினார். புதியவர்களுக்கான எடோகவா ரம்போ பரிசுக்கு முதல் தடவை அனுப்பிய நாவல் தேறவில்லை. இரண்டாவது இறுதிச் சுற்று வரை போய்த் திரும்பியது. மூன்றாவதாக அனுப்பிய 'ஹோகாகோ' 1985இல் பரிசை வென்றது. 'பள்ளி விட்ட பிறகு' என்று பொருள்படும் அந்த நாவலில் கதை சொல்பவர் ஒரு பெண்கள் பள்ளியின் கணித ஆசிரியர். பள்ளி வில்வித்தைக் குழுவைக் கவனித்துக்கொள்பவரும் அவரே. இருபது ஆண்டு கழித்து இன்னொரு கணித ஆசிரியரே ஹிகாஷினோவுக்கு மிகப் பெரிய வெற்றியைத் தேடித்தருவார் என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்காது. பரிசு வந்த கையோடு வேலையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார்.

அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. ஆண்டுக்குச் சில நாவல்கள் வந்தன. பெரிய விற்பனையும் இல்லை, பரிசும் இல்லை. 1996இல் துப்பறியும் கதைகளின் தேய்ந்துபோன உத்திகளைக் கேலி செய்யும் 'துப்பறிவாளரின் விதிகள்' ஆண்டுப் பட்டியல்களில் பேசப்பட்டது. உண்மையான திருப்பம் 1998இல் வந்த 'ஹிமிட்சு' (ரகசியம்). ஒரு பேருந்து விபத்தில் தாய் இறக்கிறாள். பிழைத்த மகளின் உடலில் தாயின் மனம் விழித்துக்கொள்கிறது. கணவனும் தகப்பனுமான அந்த ஒருவன் என்ன செய்வான்? 1999இல் ஜப்பான் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் பரிசு இதற்குக் கிடைத்தது. நவோகி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் முதன்முதலாக இடம்பெற்றார்.

1935இல் கான் கிகுச்சி, மறைந்த தம் நண்பர் சன்ஜூகோ நவோகியின் நினைவாக நிறுவிய நவோகி பரிசு, வெகுஜன எழுத்துக்கு அந்நாட்டில் கிடைக்கும் மிக உயர்ந்த அங்கீகாரம். ஆண்டுக்கு இரண்டு முறை வழங்கப்படுகிறது. டோக்கியோவின் ட்சுகிஜி பகுதியில் 'ஷின்கிராகு' என்ற பழைய உணவகத்தில் நடுவர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். வென்றவருக்கு ஒரு பாக்கெட் கடிகாரமும் 10 லட்சம் யென்னும் தரப்படும். அந்த மேசையில் ஹிகாஷினோவின் பெயர் வந்து வந்து திரும்பியது. 'ஹிமிட்சு' போன சுற்றில் மியுகி மியாபேயின் 'ரியூ' வென்றது. அதுவும் துப்பறியும் நாவல்தான் என்பதால், வகையைக் காரணம் காட்டி ஆறுதல் அடையவும் வழியில்லை. அடுத்து 'பியாகுயாகோ', 'கதாஒமோய்', 'தெகாமி', 'கென்யா' ஆகிய நான்கும் இறுதிவரை போய்த் தோற்றன. மொத்தம் ஐந்து தோல்விகள். இவற்றில் 'பியாகுயாகோ', இரண்டு குழந்தைகள் பெரியவர்களாகும் பத்தொன்பது ஆண்டுகளை, அவர்கள் மனத்துக்குள் ஒரு முறைகூட நுழையாமல் வெளியிலிருந்தே சொல்லும் நாவல். இன்றைக்கும் பல வாசகர்கள் ஹிகாஷினோவின் ஆகச் சிறந்த படைப்பு என்று சொல்வது அதைத்தான்.

நவோகி மேசைக்கும் வாசகர் வாக்குக்கும் இடையிலான விரிசல் அந்த ஆண்டுகளில் வெளிப்படையாகவே தெரிந்தது. 2002இல் ஹிதேயோ யோகோயாமாவின் 'ஹான்ஓச்சி' இரண்டு பெரிய பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. 2003 ஜனவரியில் நவோகி நடுவர்கள் அதன் கதை முடிச்சில் நடைமுறைப் பிழை இருப்பதாகச் சொல்லி நிராகரித்தார்கள். அந்தச் சுற்றில் யாருக்கும் பரிசு இல்லை. அந்த நாவலை வரவேற்ற வாசகர்கள் மீதும் குறை சொல்லப்பட்டது. யோகோயாமா, இனி இந்தப் பரிசுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்துவிட்டார். 2005 இறுதியில் ஹிகாஷினோவின் நாவல் பட்டியல்களின் உச்சியில் நின்றபோது, நவோகி மேசை என்ன செய்யும் என்ற கேள்விக்கு இந்த முன்கதை இருந்தது.

'சந்தேக நபர் எக்ஸ்' முதலில் 'ஓரு யோமிமோனோ' இதழில் தொடராக வந்தது. இயற்பியல் ஆசிரியர் மானாபு யுகாவா, அவருடைய கல்லூரித் தோழரான காவல்துறைத் துப்பறிவாளர் குசானாகி இருவரும் வரும் 'கலிலியோ' வரிசையில் முந்தைய இரண்டும் சிறுகதைத் தொகுப்புகள். முழுநீள நாவலாக வந்தது இதுதான் முதல். காலை 7.35க்கு அடுக்குமாடி வீட்டிலிருந்து கிளம்பும் இஷிகாமி என்ற உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியரோடு கதை தொடங்குகிறது. சுமிதா ஆற்றங்கரையில் நீல நிறத் தார்ப்பாய்க் கொட்டகைகளில் வாழும் வீடற்றவர்களைக் கடந்து நடக்கிறார். அவர்களில் ஒருவர் தினமும் அதே நேரத்தில் காலி டப்பாக்களை நசுக்கிக்கொண்டிருப்பார். வழியில் மதிய உணவுப் பொட்டலம் விற்கும் ஒரு கடை. அங்கே வேலை பார்ப்பவர் பக்கத்து வீட்டு யாசுகோ. இஷிகாமி சாப்பாடு வாங்குவதே யாசுகோவைப் பார்க்கத்தான் என்று கடைக்காரர்களுக்கு ஒரு யூகம் உண்டு. தினசரி நடை, தினசரிப் பொட்டலம்: வாசகர் இவற்றை ஊர்வர்ணனையாக எண்ணிப் புரட்டிவிடுவார். அந்த நடைவழியில் வீணான வரி ஒன்றுகூட இல்லை என்பது கடைசிப் பக்கங்களில்தான் உறைக்கும்.

கொலை ஆரம்பத்திலேயே நடந்துவிடுகிறது. பணம் பிடுங்க வந்த முன்னாள் கணவன் தொகாஷியை, யாசுகோவும் மகள் மிசாதோவும் 'கோதாட்சு' எனும் கணப்பு மேசையின் மின்வடத்தால் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்ட இஷிகாமி கதவைத் தட்டி, மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். யார் கொன்றது, எப்படி, ஏன் எல்லாமே வாசகருக்குத் தெரியும். பிறகு என்ன புதிர் மிச்சம்? போலீஸ் யாசுகோவை விசாரிக்க வருகிறது. சான்றுகள் அவர் பக்கமே கை காட்டுகின்றன. இருந்தும் பிடி எங்கோ வழுக்குகிறது. தனக்கு எல்லாம் தெரியும் என்ற வாசகரின் நம்பிக்கையையே ஆசிரியர் பொறியாக்கியிருக்கிறார். அந்த முடிச்சை இங்கே அவிழ்த்தால் இன்னும் படிக்காதவர்களுக்குச் செய்யும் துரோகம். இஷிகாமி தம் தேர்வுத்தாளைப் பற்றி ஓரிடத்தில் சொல்வதை மட்டும் குறிப்பிடலாம்: வடிவியல் கணக்கு போலத் தோன்றும், உண்மையில் அது சார்புகளைப் பற்றிய கணக்கு. நாவலின் கட்டுமானம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதையும் வாசகரின் கண்ணெதிரேயே வைத்துவிடுகிறார்.

யுகாவாவும் இஷிகாமியும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஒருவர் மூளையை ஒருவர் மதித்தவர்கள். பல ஆண்டு கழித்துச் சந்திக்கும்போது யுகாவா ஒரு பாட்டில் மதுவோடு, ரீமான் கருதுகோளைத் தவறென்று காட்ட முயலும் ஓர் ஆய்வுத்தாளையும் கொண்டுபோகிறார். இஷிகாமி இரவெல்லாம் அதிலேயே மூழ்கி, பிழை எங்கே என்று காட்டுகிறார். ஒரு கணக்கைத் தானே போட்டு விடை காண்பது கடினமா, அடுத்தவர் தந்த விடை சரியா என்று சோதிப்பது கடினமா என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். இந்த வழக்கின் வடிவமே அந்தக் கேள்விதான். ஒருவர் விடையை ஜோடித்து வைத்துவிட்டார், மற்றவர் சோதிக்க வேண்டும்.

யுகாவாவுக்குச் சந்தேகம் தட்டும் இடம் இன்னும் நுட்பமானது. கைரேகையோ ரத்தக்கறையோ அங்கே இல்லை. இருவரும் ஒரு கண்ணாடியில் தங்கள் பிம்பத்தைப் பார்க்கிறார்கள். நீ இன்னும் இளமையாகவே இருக்கிறாய், முடியும் அடர்த்தியாக இருக்கிறது என்று இஷிகாமி சொல்கிறார். வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் அது உபசார வார்த்தை. கணக்கைத் தவிர வேறெதையும் பொருட்படுத்தாத, கசங்கிய சட்டையோடு ஆயுளைக் கழித்த மனிதர் தன் தோற்றத்தை நினைத்து வருந்தினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவர் யாரையோ நேசிக்கிறார். துப்பறிதலின் கண்ணி இங்கே ஒரு மனிதரின் வெட்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. தடயத்தை எடுத்துவிட்டால் உணர்ச்சி விழுந்துவிடும். உணர்ச்சியை எடுத்துவிட்டால் புதிரே இல்லை. 'மனிதர்கள் உயிரோடு இல்லை' என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான பதிலை எந்தப் புதிர்க்கதையும் தந்ததாகத் தெரியவில்லை. பட்டியல்காரர்களும் இலக்கிய நடுவர்களும் ஒரே புத்தகத்தில் சந்தித்தது தற்செயல் அல்ல.

எதிர்ப்பு வந்தது வேறு திசையிலிருந்து. 2005 இறுதியில் புதிர்க்கதை எழுத்தாளர் ரெய்தோ நிகாய்தோ, இது ஹொன்காகுவே அல்ல என்றார். உண்மையைத் தர்க்கப்படி எட்டத் தேவையான தடயங்கள் முழுமையாக வாசகர் கைக்கு வரவில்லை, யுகாவா கடைசியில் சொல்வது யூகம்தான் என்பது அவர் வாதம். எழுத்தாளரும் விமர்சகருமான கியோஷி கசாய் ஹயகாவாவின் 'மிஸ்டரி மேகசின்' பக்கங்களில் இந்த விவாதத்தைக் கையிலெடுத்து, இந்த நாவலை ஆண்டின் தலைசிறந்த ஹொன்காகு என்று கொண்டாடிய விமர்சகர்களைக் கடுமையாகச் சாடினார். பலரும் மறுத்து எழுத, விவாதம் 2006 முழுக்க நீண்டது. ஒரு நாவலின் தகுதியைப் பற்றி அல்லாமல், 'நியாயமான புதிர் என்றால் என்ன' என்ற இலக்கணத்தைப் பற்றி அத்தனை பேர் மாதக்கணக்கில் மோதிக்கொண்டது அந்த வாசகச் சமூகம் தன் வகையை எவ்வளவு மதிக்கிறது என்பதைக் காட்டியது.

அதே 2006இல் ஹொன்காகு மிஸ்டரி எழுத்தாளர் மன்றத்தின் ஆறாவது பரிசுக்கான வாக்கெடுப்பு நடந்தது. இறுதிப் பட்டியலில் உள்ள எல்லாப் புத்தகங்களையும் படித்த உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்க முடியும். யாருக்கு, ஏன் என்று எழுதித் தர வேண்டும். விவாதம் சூடாக இருந்தபோதே, புதிர்க்கதையின் இலக்கணத்தைக் காப்பதற்கென்றே இருக்கும் அந்த மன்றம் இதே நாவலைத் தேர்ந்தெடுத்தது. நிகாய்தோவின் கேள்வி வீண் கேள்வி அல்ல. யுகாவாவின் முடிவில் யூகத்தின் பங்கு இருக்கவே செய்கிறது. ஆனால் நாவலைத் திரும்பப் படிப்பவர், ஆற்றங்கரை நடையிலிருந்தே தம் முன் எவ்வளவு விரித்து வைக்கப்பட்டிருந்தது என்று கண்டு திகைப்பார். மன்றத்தின் தீர்ப்பே சரியானது.

நவோகி நடுவர்கள் 2006 ஜனவரி 17 அன்று கூடினார்கள். ஆறாவது முறையாக வந்த பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒசாகா கடிகாரக் கடைக்காரரின் மகனுக்குப் பரிசாக ஒரு கடிகாரம் வந்தது.

அதன்பின் புத்தகம் வேகமாகப் பரவியது. ஜப்பானில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2007இல் 'கலிலியோ' தொலைக்காட்சித் தொடரும், 2008இல் ஹிரோஷி நிஷிதானி இயக்கிய திரைப்படமும் வந்தன. இஷிகாமியாக நடித்த ஷினிச்சி ட்சுட்சுமி, கூனிய தோளும் தாழ்ந்த பார்வையுமாக அந்த மனிதரை அப்படியே நிறுத்தினார். அலெக்சாண்டர் ஓ. ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் வெளியானது. அமெரிக்க நூலகச் சங்கம் தன் 2012 வாசிப்புப் பட்டியலில் துப்பறியும் பிரிவுக்கு இதைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் எட்கர் பரிசின் சிறந்த நாவல் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கும் போனது. 2004இல் நாட்சுவோ கிரினோவின் 'அவுட்' அந்த இடத்தைப் பிடித்திருந்தது. பரிசு இரண்டு முறையும் வேறு நாவல்களுக்குப் போயிற்று.

கொரியா, சீனா என்று படங்கள் தொடர்ந்தன. 2013இல் மலையாளத்தில் 'திருஷ்யம்' வந்த பிறகு, இந்த நாவலின் இந்தி உரிமையை வாங்கியிருந்த ஏக்தா கபூர் தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. இயக்குநர் ஜீத்து ஜோசப் தம் கதை வேறு என்று மறுத்தார். அந்தப் படமே 2015இல் கமல்ஹாசன் நடிக்க 'பாபநாசம்' ஆனது. 2019இல் விஜய் ஆண்டனியும் அர்ஜுனும் நடித்த 'கொலைகாரன்' படத்தையும் இந்த நாவலோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். முறைப்படியான இந்தி ஆக்கம், கதையைக் காலிம்போங் மலையூருக்கு மாற்றிய 'ஜானே ஜான்', 2023இல் சுஜோய் கோஷ் இயக்கத்தில் வந்தது. தமிழ் ரசிகர் பலருக்கு ஹிகாஷினோவின் பெயர் தெரிவதற்கு முன்பே இதே வகை முடிச்சு தெரிந்திருந்தது.

ஹிகாஷினோ 2009 முதல் 2013 வரை ஜப்பான் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2014இல் 'இனோரி நோ மாகு கா ஓரிரு தோகி' நாவலுக்கு யோஷிகாவா எய்ஜி பரிசு பெற்றார். 2023இல் அவருடைய நூல்கள் நூறைத் தொட்டன. ஜப்பானில் மட்டும் அச்சான பிரதிகள் 10 கோடியைத் தாண்டின. தம் பெயரை ஐந்து முறை திருப்பி அனுப்பிய நவோகி மேசையில் 2014 முதல் சில ஆண்டுகள் நடுவராகவும் அமர்ந்து, புதியவர்களின் நாவல்களைப் படித்து வாக்களித்தார்.